நான்காவது ஃபோல்டர்

அந்தப் பாட்டை நான் முதன்முதலில் கேட்டது வேறொருவர் குரலில். 2004 கோடை விடுமுறை. பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகப்போகிறவன் என்பதால் வீட்டில் டிவி பார்க்கத் தடை. ஆனால் தில்லை நகரில் பெரியப்பா மகன் நடத்திக்கொண்டிருந்த பிரவுசிங் சென்டரில் ஒரு மூலையில் சின்ன டிவி உண்டு, அதில் எப்போதும் ஏதாவது ஒரு மியூசிக் சேனல் ஓடும். 'இட்ஸ் மை லைஃப்' வந்தது. பாடியவர் க்வென் ஸ்டெஃபானி. நோ டவுட் என்று கீழே பெயர் போட்டார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததைக் கவனித்த அண்ணன், கஸ்டமருக்குச் சில்லறை கொடுத்தபடியே சொன்னார்: "இது கவர்டா. ஒரிஜினல் வேற ஆளு. அவன் பாடுறத கேட்டா இத கேக்க மாட்ட."

அண்ணனுக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம். டிப்ளமோவைப் பாதியில் விட்டவர். ராத்திரி கடையை அடைத்த பிறகு எட்டு கம்ப்யூட்டரிலும் டவுன்லோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார், காலையில் வந்து அறுவடை செய்வார். அடுத்த வாரம் என் கையில் ஒரு சிடியைக் கொடுத்தார். மேலே கறுப்பு மார்க்கரில் 'டாக் டாக் 82–91'. உள்ளே ஐந்து ஃபோல்டர்கள், ஆண்டு வரிசைப்படி. அந்தக் காலத்தில் ஒரு பேண்டின் மொத்த ஆல்பங்களும் ஒரே எம்பி3 சிடியில் அடங்கிவிடுவது பெரிய அதிசயமாக இருந்தது. ஒரு மனிதனின் பத்து வருடம், பத்து ரூபாய் சிடியில் பாதிக்கும் கொஞ்சம் மேல்.

முதல் மூன்று ஃபோல்டர்களை அந்தக் கோடை முழுக்கக் கேட்டேன். நான்காவதைத் திறந்தபோது ஒன்றும் கேட்கவில்லை. வால்யூமைக் கூட்டினேன். எங்கோ தூரத்தில் ஒரு டிரம்பெட். பிறகு மறுபடி ஒன்றுமில்லை. ஏதோ முனகல், ஏதோ இழுப்பு. ஐந்தாவது இன்னும் மோசம், வெறும் இரைச்சலில் ஆரம்பித்தது. விளக்கமெல்லாம் யோசிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அண்ணனிடம் சொன்னேன்.

"அண்ணே, கடைசி ரெண்டு ஃபோல்டரும் கரப்ட் ஆயிருச்சு. திரும்ப ரைட் பண்ணித் தாங்க."

அண்ணன் சிடியை வாங்கிப் போட்டு, ஹெட்போனைக் காதில் வைத்துப் பத்து விநாடி கேட்டார். கழற்றிக் கொடுத்தார்.

"கெட்டுப்போகலடா. அது அப்படித்தான்."

இருபது வருடமாக நான் இந்த 'அப்படித்தான்' என்பதற்குள்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

*

எண்பதுகளின் ஆங்கிலப் பாப் இசையில் நியூ வேவ் என்று ஒரு அலை அடித்தது. பங்க் இசை போட்ட சத்தம் அடங்கிய பிறகு, அதே பையன்கள் தலையைச் சீவிக்கொண்டு சிந்தசைசர் வாங்கினார்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம். மார்க் ஹாலிஸின் கதையும் ஏறத்தாழ அதேதான். லண்டன் டாட்டன்ஹாமில் 1955இல் பிறந்தவர். 1977இல் தி ரியாக்‌ஷன் என்ற பங்க் பேண்டுடன் 'டாக் டாக் டாக் டாக்' என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தார். 1981இல் பால் வெப் பேஸ், லீ ஹாரிஸ் டிரம்ஸ், சைமன் பிரென்னர் கீபோர்டு என்று புதிய பேண்ட் சேர்ந்தபோது அந்தப் பாட்டிலிருந்து பாதியை வெட்டிப் பெயராக வைத்துக்கொண்டார்கள். கித்தார் வாசிக்க ஆளே கிடையாது.

இஎம்ஐ அவர்களை ஒப்பந்தம் செய்தது. அதே கம்பெனியில் அப்போது டுரான் டுரான் என்ற பேண்ட் பறந்துகொண்டிருந்தது. இங்கேயும் இரட்டைப் பெயர், அங்கேயும் இரட்டைப் பெயர். டுரான் டுரானின் முதல் இரண்டு ஆல்பங்களைத் தயாரித்த காலின் தர்ஸ்டனையே இவர்களின் முதல் ஆல்பமான 'தி பார்ட்டிஸ் ஓவர்' தயாரிக்க வைத்தார்கள். டுரான் டுரான் கச்சேரிகளுக்கு முன்னால் மேடையேற்றியும் விட்டார்கள். ஓடுகிற ஒன்றைப் பார்த்து இன்னொன்று செய்வது எல்லா ஊர் கம்பெனிகளுக்கும் உள்ள வியாதிதான். நான் வேலை பார்த்த முதல் கம்பெனியிலும் எங்கள் ப்ராடக்ட் மேனேஜர் போட்டியாளரின் ஆப்பைத் திறந்துவைத்துக்கொண்டுதான் மீட்டிங்கையே ஆரம்பிப்பார்.

அந்த 1982 ஆல்பத்தை இப்போது கேட்டால் பிளாஸ்டிக் பளபளப்பு தெரியும். 'டுடே' என்ற பாட்டு பிரிட்டனில் 14ஆவது இடம் வரை போனது. ஆனால் குரல் மட்டும் அந்தப் பளபளப்போடு ஒட்டாது. ஹாலிஸின் குரலில் ஒரு இழுவை, ஒரு குழறல் இருக்கும். வார்த்தையின் ஓரங்களைக் கடித்துத் தின்றுவிட்டு மிச்சத்தைப் பாடுவதுபோல. டான்ஸ் பாட்டில் போய் ஒருவன் ஏன் இப்படி வலியோடு பாடுகிறான் என்று தோன்றும்.

பிரென்னர் விலகியதும் டிம் ஃப்ரீஸ்-கிரீன் வந்தார். மேடையில் நிற்காத, போட்டோவில் வராத நாலாவது ஆள். தயாரிப்பாளர், கீபோர்டு, பாட்டில் பாதிப் பங்கு. இந்த இருவர் கூட்டணிதான் அடுத்த எல்லாவற்றுக்கும் காரணம் என்பேன். 1984இல் 'இட்ஸ் மை லைஃப்' ஆல்பம். சிந்தசைசர் இன்னும் போகவில்லை, ஆனால் அது இப்போது பறவை மாதிரிக் கத்துகிறது, 'சச் எ ஷேம்' தொடக்கத்தில் யானை மாதிரிப் பிளிறுகிறது. பால் வெப்பின் ஃப்ரெட்லெஸ் பேஸ் அடியில் வழுக்கிக்கொண்டே போகிறது. ஐரோப்பாவில் நன்றாக ஓடிய ஆல்பம். பிரிட்டனில் அந்தத் தலைப்புப் பாட்டு முதல் முறை வந்தபோது பெரிதாகப் போகவில்லை.

அந்தப் பாட்டின் வீடியோவை டிம் போப் எடுத்தார். விலங்குகள் ஓடுகின்றன, பாய்கின்றன. நடுவில் ஹாலிஸ் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார். குரல் மட்டும் வருகிறது. கம்பெனி கடுப்பாகி, பாடுகிற மாதிரி வேறு வீடியோ எடுத்துக்கொண்டு வா என்றது. எடுத்தார்கள். அதில் மூன்று பேரும் வேண்டுமென்றே அசட்டுத்தனமாக வாயசைத்து, ஆட்டம் போட்டு, கேலி செய்துவிட்டுப் போனார்கள். யூட்யூபில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். பின்னால் வரப்போகிற எல்லாம் அந்த மூடிய வாயிலேயே இருக்கிறது என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அது கொஞ்சம் மிகையாகப் படுகிறது. இருபத்தொன்பது வயதுக்காரன் ஒருவன் வீம்பு பிடித்தான், அவ்வளவுதான். வீம்பு பிடித்தவர்கள் எல்லோரும் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' செய்துவிடவில்லை.

*

மூன்றாவது ஃபோல்டரைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். தீவிர ரசிகர்கள் கடைசி இரண்டு ஆல்பங்களைச் சாமி அறையில் வைத்துவிட்டு இதை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். 1986இல் வந்த 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்'. உண்மையைச் சொன்னால், இருபது வருடத்தில் நான் அதிக முறை கேட்டது இதைத்தான்.

இதில் சிந்தசைசர் பின்வாங்கிவிட்டது. பியானோ, ஆர்கன், கித்தார், டபுள் பேஸ், ஹார்மோனிகா, குழந்தைகளின் கோரஸ் என்று மரமும் கம்பியும் மூச்சும் உள்ளே வந்துவிட்டன. ஸ்டீவ் வின்வுட் வந்து ஆர்கன் வாசித்தார். டேனி தாம்ப்ஸன் டபுள் பேஸ். 'லைஃப்ஸ் வாட் யூ மேக் இட்' பாட்டின் அந்த இடது கைப் பியானோ வரி, ஒரே சுற்று, ஒரே சுற்று, விடாமல். இரண்டு நிமிடம் கழித்துப் பாட்டு எங்கேயும் நகரவில்லை என்று தெரியும், நாம் நகர்ந்துவிட்டிருப்போம். அந்தப் பாட்டு பிரிட்டனில் 16ஆவது இடம், ஆல்பம் 8ஆவது இடம். அவர்கள் வாழ்க்கையில் பெரிய வெற்றி அதுதான்.

ஆனால் அதே ஆல்பத்தில் 'ஏப்ரல் 5த்' என்றும் 'கமீலியன் டே' என்றும் இரண்டு பாட்டுகள் உண்டு. பதினாறு வயதில் இந்த இரண்டையும் தள்ளிவிட்டுத்தான் கேட்பேன். டிரம்ஸ் கிடையாது, தாளம் பிடிக்க முடியாது. பியானோவில் ஒரு தட்டு, பிறகு இடைவெளி, குழல் மாதிரி ஏதோ ஒன்று, அதற்குள் ஹாலிஸ் யாருக்கோ காதில் சொல்வதுபோல் பாடுகிறார். நான்காவது ஃபோல்டர் மூன்றாவதிலேயே ஆரம்பித்துவிட்டது, நான்தான் கவனிக்கவில்லை. ஒரே இரவில் பாப் இசையைத் தூக்கி எறிந்தான் என்று சொல்லப்படும் கதையில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனதற்குக் காரணம் இந்த இரண்டு பாட்டுகள்தான். அவர் படிப்படியாகத்தான் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார். முதலில் இயந்திரங்களை. பிறகு தாளத்தை. அப்புறம் மேடையை: 1986 சுற்றுப்பயணத்துக்குப் பிறகு டாக் டாக் கச்சேரியே செய்யவில்லை.

*

இஞ்சினியரிங் முடித்து சென்னைக்கு வந்தேன். ஓஎம்ஆரில் வேலை, வேளச்சேரியில் ஐந்து பேர் இருந்த அறை. இரவு ஷிஃப்ட் முடிந்து அதிகாலை மூன்று மணிக்கு கேபில் வரும்போதுதான் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' முதல் முறை முழுதாகக் கேட்டது. முன் சீட்டில் டிரைவர், பின்னால் தூங்கும் இருவர். வெளியே சோழிங்கநல்லூர் சிக்னல் யாருக்கும் தேவையில்லாமல் சிவந்து பச்சையாகிக்கொண்டிருந்தது. டிரம்பெட் ஒன்று தூரத்திலிருந்து வந்தது. ஏழு வருடத்துக்கு முன் கரப்ட் என்று திருப்பிக் கொடுத்த அதே டிரம்பெட். இந்த முறை அதைச் சுற்றி இருக்கும் இடம் கேட்டது. அறை கேட்டது என்று சொல்ல வேண்டும்.

அந்த அறையைப் பற்றிப் பின்னால் நிறையப் படித்தேன். லண்டன் ஹைபரியில் வெஸெக்ஸ் ஸ்டூடியோ. தேவாலயம் ஒன்றின் கூடமாக இருந்த பழைய கட்டடம். செக்ஸ் பிஸ்டல்ஸும் கிளாஷும் கத்தித் தீர்த்த அதே இடம். 1987 மே மாதம் உள்ளே போனவர்கள் வெளியே வர அடுத்த வருடம் மார்ச் ஆனது. ஒலிப்பதிவாளர் ஃபில் பிரவுன், அறுபதுகளின் இறுதியில் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் டேப் ஓட்டும் பையனாகத் தொழிலைத் தொடங்கியவர். விளக்குகளை அணைத்துவிட்டார்கள். சுவரில் எண்ணெய்க் குமிழ்கள் மிதக்கும் ஒரு ப்ரொஜெக்டர், டிரம்ஸ் பக்கம் ஒரு ஸ்ட்ரோப் விளக்கு, அவ்வளவுதான் வெளிச்சம். நாளெல்லாம் இருட்டில் அதே ஆறு பாட்டு. பிரவுன் தன் நினைவுக் குறிப்புகளில் இதை விவரிப்பதைப் படித்தால், மாதக்கணக்கில் அதற்குள் இருந்தவர்களுக்குப் புத்தி கொஞ்சம் பிசகியிருந்தாலும் தப்பில்லை என்று தோன்றும்.

மைக்கை வாத்தியத்துக்குள் நுழைப்பதுதான் எண்பதுகளின் வழக்கம். டிரம்ஸ் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மைக், பக்கத்தில், மூஞ்சிக்கு நேரே. இவர்கள் மைக்கைத் தள்ளி வைத்தார்கள். குச்சி தோலில் படும் சத்தம் மட்டுமல்லாமல், அது கூடத்தைச் சுற்றிவிட்டு வரும் சத்தமும் சேர்ந்து பதிவானது. நான் கேபில் கேட்ட 'அறை' அதுதான்.

வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். என்ன வாசிக்க வேண்டும் என்று பெரும்பாலும் சொல்லவில்லை. இருட்டில் உட்கார்ந்து, ஓடுகிற டேப்புக்குத் தோன்றியதை வாசிக்க வேண்டும், மணிக்கணக்கில். பிறகு ஹாலிஸும் ஃப்ரீஸ்-கிரீனும் அதிலிருந்து சில விநாடிகளைத் தேர்ந்தெடுப்பார்கள், மற்றதை அழிப்பார்கள். எடுத்ததை அது வாசிக்கப்பட்ட இடத்திலேயே வைக்க வேண்டும் என்றும் இல்லை. டிஜிட்டல் டேப் வந்துவிட்டதால் ஒரு துண்டை வேறொரு இடத்துக்கு நகர்த்தலாம். ஹென்றி லோதரின் டிரம்பெட், மார்க் ஃபெல்தமின் ஹார்மோனிகா, டேனி தாம்ப்ஸனின் டபுள் பேஸ் எல்லாம் அப்படி வந்தவைதான். நைஜல் கென்னடி வயலின் வாசித்தார். அடுத்த வருடம் விவால்டியின் 'நான்கு பருவங்கள்' பதிவினால் உலகப் புகழ் அடையப்போகிற ஆள். அவர் இந்த ஆல்பத்தில் எங்கே இருக்கிறார் என்று நான் இன்றும் தேடித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

தொழில்முறையில் என்னைக் கட்டிப்போட்ட விஷயம் இது. கேட்கும்போது பத்துப் பதினைந்து பேர் ஒரே கூடத்தில், ஒரே இரவில், ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டபடி வாசிப்பதாகத்தான் இருக்கும். அப்படி ஒரு இரவு நடக்கவே இல்லை. ஒருவரையொருவர் பார்த்திராதவர்கள் வெவ்வேறு மாதங்களில் வாசித்த துண்டுகள் அவை. முழுக்க முழுக்க எடிட்டிங். கூடி வாசித்த அந்த நெருக்கத்தை வெட்டி ஒட்டியே உண்டாக்கியிருக்கிறார்கள். நான் எழுதும் கோடு பெரும்பாலும் இதற்கு நேரெதிர். ஐந்து பேர் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதியிருப்போம், பார்த்தால் ஐந்து கண்டங்களில் இருந்து வந்த மாதிரி இருக்கும்.

முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளும், 'தி ரெயின்போ', 'ஈடன்', 'டிஸையர்', இடையில் நிற்காமல் ஒரே ஓட்டமாகப் போகும். டிரம்ஸ் வரவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். வந்த பிறகும் லீ ஹாரிஸ் அவசரப்படமாட்டார். 'டிஸையர்' ஆர்கனும் குரலுமாக முணுமுணுத்துக்கொண்டே இருக்கும், நாம் வால்யூமைக் கூட்டி வைத்திருப்போம், அப்போதுதான் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். அன்று கேபில் நான் துள்ளியதில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த டெஸ்டிங் டீம் நண்பர் எழுந்து, "வீடு வந்துருச்சா?" என்றார்.

*

1988 செப்டம்பரில் வெளியானது. பிரிட்டனில் 19ஆவது இடம் வரை போனது, அதிலேயே எனக்கு ஆச்சரியம்தான். முடியும் வரை கம்பெனியில் யாரையும் கேட்கவிடவில்லையாம். இரண்டு வருடம் முன்பு ஹிட் கொடுத்தவர்கள் என்ற நம்பிக்கையில் பணம் கொடுத்தார்கள், வந்தது இது. சிங்கிள் வேண்டுமே என்று 'ஐ பிலீவ் இன் யூ' பாட்டை வெட்டிச் சுருக்கி வெளியிட்டார்கள், போகவில்லை. அதற்கும் டிம் போப்தான் வீடியோ எடுத்தார், ஹாலிஸ் கித்தாரோடு உட்கார்ந்திருப்பார். பிறகு ஒப்பந்தம் கோர்ட்டுக்குப் போனது. கலை பெரிதா காசு பெரிதா என்றெல்லாம் யாரும் வாதாடவில்லை. ஒப்பந்தத்தை நீட்டிக்கும் உரிமையைக் கம்பெனி எந்தத் தேதிக்குள் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. மேல்முறையீட்டில் பேண்ட் ஜெயித்து வெளியேறியது. இஎம்ஐ பழைய ஹிட்களைத் தொகுத்து 1990இல் 'நேச்சுரல் ஹிஸ்டரி' என்று விட்டது. அது பிய்த்துக்கொண்டு போனது. அடுத்து அனுமதி கேட்காமலேயே ரீமிக்ஸ் ஆல்பம் ஒன்றும் விட்டார்கள், அதற்கும் வழக்கு.

கம்பெனியை வில்லனாக்கி எழுதுவது சுலபம், பலர் எழுதியும் விட்டார்கள். எனக்கு ஒரு பக்கம் பாவமாகவும் இருக்கிறது. பத்து மாதம் ஸ்டூடியோ வாடகை கட்டிவிட்டு, கதவுக்கு வெளியே நின்று, கடைசியில் கையில் வாங்கிய டேப்பைப் போட்டதும் அந்த முதல் இரண்டு நிமிடம். அவர்களும் என்னைப்போல வால்யூமைத்தான் கூட்டியிருப்பார்கள்.

பால் வெப் விலகிவிட, மிச்சமிருந்தவர்கள் ஜாஸ் லேபிளான வெர்வுக்குப் போய் 1991இல் 'லாஃபிங் ஸ்டாக்' செய்தார்கள். மறுபடி வெஸெக்ஸ், மறுபடி இருட்டு. கித்தார் ஆம்ப்ளிஃபையரின் இரைச்சல்தான் ஆல்பத்தின் முதல் ஒலி. யாரோ ஸ்விட்சைப் போட்டுவிட்டு, வாசிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார்கள். 'அசென்ஷன் டே' உச்சத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே கத்தரிக்கோலால் வெட்டியது மாதிரி பட்டென்று நிற்கும். முதலில் கேட்கும் எல்லோரும் நெட் போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். 'நியூ கிராஸ்' இதற்கு நேர்மாறு, கிட்டத்தட்ட பத்து நிமிடம் வெயிலில் துணி காய்வது மாதிரி போய்க்கொண்டே இருக்கும். பின்னாளில் போஸ்ட்-ராக் என்று சைமன் ரெனால்ட்ஸ் பெயர் சூட்டிய வகைக்கு இந்த இரண்டு ஆல்பங்களைத்தான் முன்னோடி என்று காட்டுகிறார்கள். இருக்கலாம். அந்த வகையில் நான் கேட்ட பல பேண்டுகள் மெதுவாக ஆரம்பித்துப் பெரிதாக முடிப்பதை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொண்டன. இருட்டை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

அதோடு டாக் டாக் முடிந்தது. 1998இல் ஹாலிஸ் தன் பெயரிலேயே ஒரு ஆல்பம் செய்தார். அதில் மின்சார வாத்தியங்களும் போய்விட்டன, நாற்காலி கிரீச்சிடுவது கேட்கும். பிறகு பிள்ளைகளோடு வீட்டில் இருந்துவிட்டார். சுற்றுப்பயணம் போகிறவனாகவும் நல்ல அப்பாவாகவும் ஒரே நேரத்தில் இருக்க என்னால் முடியாது என்கிற அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார். சொன்னபடியே இருந்தார்.

*

'ஐ பிலீவ் இன் யூ' பற்றிச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஹெராயின் பற்றிய பாட்டு அது. மார்க்கின் அண்ணன் எட் ஹாலிஸ் வீட்டில் ரெக்கார்டுகளைக் குவித்து வைத்திருந்தவர். எடி அண்ட் தி ஹாட் ராட்ஸ் என்ற பேண்டின் மேனேஜர், தயாரிப்பாளர். தம்பிக்கு இசையைக் காட்டியவரும், ஸ்டூடியோவுக்குள் கூட்டிப்போனவரும் அவர்தான். ஹெராயின் பழக்கத்தில் சிக்கினார். ஆல்பம் வந்ததற்கு அடுத்த வருடம், 1989இல், இறந்துபோனார். இந்தப் பாட்டு அண்ணனைப் பற்றியது என்று மார்க் சொல்லிக்கொண்டதில்லை. எனக்குத் தெரிந்த மனிதர்கள், அந்தப் பொருள் மனிதர்களை என்ன செய்கிறது, என்று பொதுவாகத்தான் பேசினார். நான் அதை மீறி எதையும் சொல்லப்போவதில்லை.

பாட்டில் கோபம் கிடையாது. டிரம்ஸ் ஒரே சீராகப் போகும், நோயாளி படுத்திருக்கும் வீட்டில் கடிகாரம் ஓடுவதுபோல. கடைசியில் செம்ஸ்ஃபோர்ட் கதீட்ரல் கோயர் வரும், பிள்ளைகளின் குரல்கள். இதைச் செய்தவன் அறிவுரை எல்லாம் சொல்லி முடித்துவிட்டவன் என்று தோன்றும்.

எங்கள் அண்ணனுக்குக் குடி. பிரவுசிங் சென்டர் 2010 வாக்கில் படுத்துவிட்டது, எல்லோர் கையிலும் போன் வந்ததும் யார் வருவார்கள்? ஜெராக்ஸ் கடையாக்கினார், ரீசார்ஜ் கடையாக்கினார், கடைசியில் விட்டார். குடி அதற்கு முன்பே இருந்தது, கடை போனதும் அதுவே வேலையானது. எனக்குப் போன் செய்வார். முதலில் பாட்டைப் பற்றிப் பேசுவார். "டேய், அந்த நியூ கிராஸ் கேட்டியா? அதுல அந்த டிரம்ஸ்..." என்று தொடங்கி, "ஒரு ஐநூறு ரூபா போட்டுவிடு" என்று முடியும். போட்டுவிடுவேன். ஐநூறு இரண்டாயிரம் ஆனது. பெரியம்மா ஒருநாள் அழுதபடி, "நீ குடுக்குற காசுலதாம்ப்பா குடிக்கிறான்" என்றார். அன்றோடு நிறுத்தினேன். காசை நிறுத்தியது சரி. போன் எடுப்பதையும் நிறுத்தினேன். அவர் பாட்டைப் பற்றி மட்டும் பேசக் கூப்பிட்ட நாட்களும் அதில் இருந்திருக்கும், எனக்குத் தெரியாது.

2019 பிப்ரவரி கடைசியில் மார்க் ஹாலிஸ் இறந்த செய்தி வந்தது. அறுபத்து நான்கு வயது. ஆபீஸில் ஸ்டாண்டப் மீட்டிங்கில் நின்றபடி போனில் பார்த்தேன். அன்று மாலை அண்ணனிடமிருந்து இரண்டு மிஸ்டு கால். மீட்டிங்கில் இருந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழு மணிக்கு என்ன மீட்டிங்? ஃபேஸ்புக்கில் ஹாலிஸுக்கு நீளமாக ஒரு அஞ்சலி எழுதினேன். மௌனத்தின் மகத்துவம் பற்றி. நூற்றிச் சொச்சம் லைக். அதை இப்போது எடுத்துப் படிக்கக் கூசுகிறது.

*

அண்ணன் பிழைத்துக்கொண்டார். பெரியம்மாவும் அண்ணியும் சேர்ந்து மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள், ஒரு முறை தப்பி வந்தார், மறுபடி சேர்த்தார்கள். இப்போது மூன்று வருடமாகத் தொடுவதில்லை. உறையூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் கணக்குப் பார்க்கிறார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது மொட்டை மாடியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். ஆள் பாதியாகிவிட்டார். என்ன பேசுவது என்று தெரியாமல் நான் போனையும் சின்ன ஸ்பீக்கரையும் எடுத்து வைத்தேன்.

"என்னடா போடப்போற?"

"நாலாவது ஃபோல்டர்ணே."

சிரித்தார். டிரம்பெட் வந்தது. கீழே அண்ணி குக்கர் வைத்திருந்தார். பக்கத்து வீட்டில் யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்ய முயன்றுகொண்டிருந்தார்கள். இந்த ஆல்பத்தை நான் எப்போதும் ஹெட்போனில் தனியாகத்தான் கேட்டிருக்கிறேன். ஸ்பீக்கரில், திறந்த வெளியில் போட்டால் அதற்குள் இருக்கும் இடைவெளிகளில் எல்லாம் உறையூர் வந்து உட்கார்ந்துகொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் சொன்னார்: "ஒண்ணு சொன்னா சிரிப்ப."

"சொல்லுங்கண்ணே."

"இத நான் ஒரு வாட்டி கூட முழுசா கேட்டதில்லடா. கடையில போடுவேன், கஸ்டமர் யாராவது மாத்தச் சொல்லிருவான். நைட்டு போட்டா தூங்கிருவேன். அன்னைக்கு நீ சைக்கிள்ல வந்து கரப்ட்டுன்னு சொன்னல்ல? நானும் அதுக்கு முன்னாடி அப்படித்தான் நெனச்சிருந்தேன். ஆனா ஒன்ட்ட எப்படி ஒத்துக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் வேறு ஏதோ வந்தது, அதை அடக்கிக்கொண்டேன்.

"அன்னைக்கு போன் பண்ணீங்கல்லண்ணே. அவரு செத்த அன்னைக்கு. நான் எடுக்கல."

அண்ணன் உடனே ஒன்றும் சொல்லவில்லை. 'ஈடன்' போய்க்கொண்டிருந்தது. குக்கர் இரண்டாவது விசில் அடித்தது.

"அன்னைக்கு நான் நெதானத்துல இல்லடா. எடுத்திருந்தாலும் என்னத்த பேசிருப்பேன்?" என்றார். பிறகு ஸ்பீக்கரைக் காட்டி, "இப்ப என்னா அது, கதவு தொறக்குற மாதிரி?"

"ஹார்மோனிகா. ஆம்ப்ல போட்டு கிழிக்கிறாரு."

"ஓ."

ஸ்பீக்கரைக் கையில் எடுத்தார். எங்கே கூட்டுவது என்று பொத்தானைத் தடவிப் பார்த்தார். நான் காட்டவில்லை, அவரே கண்டுபிடித்தார். 'டிஸையர்' வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வெடிக்கும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லலாமா என்று யோசித்துவிட்டுச் சொல்லாமல் இருந்தேன்.